ராக்கெட்டைத் தடை பண்ணாதீங்க, ஒழுங்கான மோட்டாரைக் கொடுங்க

இழை கொஞ்சம் நீளம். ஏழாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை படிச்சிடுங்க.

"டாக்டர், பையன் ராக்கெட் செய்யணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். இணையத்தில் கிட் விக்குது. வாங்கித் தரலாமா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கேட்கிற அதே கவலையோடு கேட்கிறாங்க.

நம்ம ஊரில் இதுக்கு ரெண்டு பதில் புழக்கத்தில் இருக்கு. ஒன்று, "ஐயய்யோ, வெடி சமாச்சாரம், வாயைத் திறக்காதே." இன்னொன்று, "பார்த்தீங்களா, நம்ம வீட்டு கலாம்!" என்று தோளில் தட்டி, அவன் என்ன கலக்குகிறான் என்று எட்டிப் பார்க்காமல் வீடியோ மட்டும் எடுத்துப் போடுவது. ரெண்டும் தப்பு. ரெண்டும் கடைசியில் வந்து சேருகிற இடம் எமர்ஜென்சி வார்டு.

நான் பார்த்த ஒரு பையனைச் சொல்றேன். ஊர், பெயர் வேண்டாம். டெல்டாவில் ஒரு கிராமம், ஒன்பதாம் வகுப்பு. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, சமையலறையில் இருக்கிற ஒரு பொருளையும் கடையில் கிடைக்கிற இன்னொன்றையும் கலந்து, பிளாஸ்டிக் குழாயில் அடைத்திருக்கிறான். (என்னென்ன, எவ்வளவு என்று கமெண்டில் யாரும் கேட்காதீங்க, யாரும் எழுதவும் வேண்டாம். எழுதினால் நீக்கிடுவேன்.) திரி வெச்சான், பத்திக்கலை. ஏன் பத்தலைன்னு குனிஞ்சு பார்த்தான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போச்சு. கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருக்கிற சதை கிழிந்து தொங்கியது. முகம் முழுக்கத் தீக்காயம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பிச்சது.

கை ஆபரேஷனில் நேரத்தைத் தின்னது எது தெரியுமா? குழாய்ச் சில்லுகள். உலோகம் என்றால் எக்ஸ்ரேயில் பளிச்சுன்னு தெரியும். பிளாஸ்டிக் பல நேரம் தெரியாது. சதைக்குள் ஒவ்வொன்றாகத் தேடித்தான் எடுக்கணும்.

இப்போ என் கோபம் எங்கே என்று சொல்றேன். அடுத்த வாரம் அவன் பள்ளியில் அறிவியல் மன்றத்தில் ராக்கெட் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் தடை போட்டாங்க. பாட்டிலில் தண்ணி ஊத்தி, சைக்கிள் பம்பால் காற்று அடிச்சுப் பறக்க விடுவாங்களே, நெருப்பே இல்லாத அந்தத் தண்ணி ராக்கெட்டுக்கும் சேர்த்துத் தடை. அதே மாசம் அதே ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு அவுட்டு போட்டாங்க. கொளுத்தினவர் கையில் பீடி. அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆபத்தை அளக்கத் தெரியாத ஊரில் ஆபத்துக்குப் பதிலாக ஆர்வத்தைத்தான் தடை பண்ணுவாங்க. ஆர்வம் பள்ளிக்கூடத்தை விட்டு மாடிக்குப் போயிடும். மாடியில் வாத்தியார் கிடையாது.

ஏன் வீட்டு மோட்டார் வெடிக்குது என்று முதலில் புரிஞ்சுக்கணும். ராக்கெட் மோட்டார் என்பது ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த அழுத்தப் பாத்திரம், நம்ம குக்கர் மாதிரி. உள்ளே எரிகிற பரப்பு எவ்வளவோ அதைப் பொறுத்து வாயு உண்டாகும். அந்த வாயு வெளியே போகிற வாய் அதே அளவில்தான் இருக்கும். கலவையை அடைக்கும்போது ஒரு காற்றுக் குமிழி, காயும்போது ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் போதும். நெருப்பு அந்த விரிசலுக்குள் புகுந்ததும் எரிகிற பரப்பு சட்டென்று கூடும், அழுத்தம் எகிறும், அழுத்தம் எகிறினால் எரியும் வேகமும் கூடும். குக்கருக்காவது சேஃப்டி வால்வு இருக்கு. விரிசல் இருக்கா இல்லையா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, ஐஐடி பேராசிரியருக்கும் தெரியாது. அதனால் "கவனமா செய்தால் ஒன்றும் ஆகாது" என்பது பொய். கவனத்துக்கு இங்கே வேலையே இல்லை.

தொழிலாகச் செய்கிற இடத்திலேயே நிலைமை என்ன? 2023 அக்டோபரில் மயிலாடுதுறை மாவட்டம் தில்லையாடியில் பட்டாசு தயாரிக்கிற இடத்தில் வெடித்து நாலு தொழிலாளர்கள் இறந்தாங்க. வருஷக்கணக்கில் அதே வேலை செய்த கைகளுக்கே அந்தக் கதி. உங்க மாடியும் உங்க பையனும் எந்த மூலைக்கு?

சரி, அப்போ தடைதானே சரி என்று கேட்பீங்க. இல்லை. இதே சிக்கல் வேறு ஒரு நாட்டில் வந்து, அவங்க அதைத் தீர்த்த கதை இருக்கு.

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை அனுப்பியது. அமெரிக்கப் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்தது. வீட்டு நிலவறையில் குழாயும் கலவையுமாக உட்கார்ந்து விரலையும் கண்ணையும் இழந்தாங்க, சிலர் உயிரையும். ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர் ஏற்கனவே இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படித்துவிட்டு நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் தான் செய்த குட்டி ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைத்தார். காகிதக் குழாய், லேசான மரத்துண்டில் இறக்கை, தொழிற்சாலையில் அழுத்திச் செய்த சின்ன மோட்டார், மேலே போனதும் பாராசூட். உலோகம் கிடையாது. வெடித்தாலும் காகிதம்தான் கிழியும்.

ஸ்டைனின் யோசனை எளிமையானது: பையனிடமிருந்து ராக்கெட்டைப் பிடுங்க வேண்டாம், கலவையை மட்டும் பிடுங்கு. மோட்டாரைத் தொழிற்சாலை செய்யட்டும், மீதி எல்லாத்தையும் பையன் செய்யட்டும். 1957-லேயே இதற்கென்று ஒரு சங்கமும் பாதுகாப்பு விதிகளும் வந்தாச்சு. மோட்டார் செய்து தர ஆள் தேடியபோது கிடைத்தவர் வெர்ன் எஸ்டெஸ். அவர் குடும்பம் என்ன தொழில் தெரியுமா? பட்டாசு. 1958-ல் அவர் ஒரு இயந்திரம் கட்டினார், சில நொடிக்கு ஒரு மோட்டார் வெளியே விழும். காகிதக் குழாய், கரிமருந்து, களிமண் வாய். அவ்வளவுதான் அதன் உள்ளே.

காகிதக் குழாயும் கரிமருந்தும் களிமண் அடைப்பும் என்றதும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருது? எனக்கு சிவகாசி. தலைமுறை தலைமுறையாக அந்த வேலை தெரிந்த ஊரை வெச்சுக்கிட்டு, ஒரே மாதிரி எரிகிற, சோதித்து முத்திரை குத்தின ஒரு பள்ளி மோட்டாரை இன்னும் நாம சாதாரணமாகக் கடையில் பார்க்க முடியலை.

மருத்துவத்தில் இதுக்கு ஒரு பெயர் உண்டு, தீங்கு குறைப்பு. ஹெல்மெட் அதுதான், சீட் பெல்ட் அதுதான். பைக்கைத் தடை பண்ணி யாரும் தலைக்காயத்தைக் குறைக்கலை.

பெரிய ராக்கெட் பற்றி, அதாவது ஆள் உயர கிட் வாங்கி ஒரு கிலோமீட்டர் மேலே அனுப்புகிற ஆசை பற்றி, கேட்கிறவங்களுக்கு: அங்கே மோட்டாருக்கு எழுத்து வரிசை உண்டு. ஏ என்றால் மொத்த உந்தம் 2.5 நியூட்டன்-நொடி வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. பி 5, சி 10, இப்படியே ஜி வரும்போது 160. எச் முதல் "உயர் சக்தி" என்று கணக்கு. எச் மோட்டாரைக் கையில் வாங்க வேண்டுமானால், தானே கட்டிய ராக்கெட்டைச் சான்று தருகிறவர் முன்னால் பறக்கவிட்டு, மறுபடி பறக்கிற நிலையில் திரும்பக் கொண்டுவந்து காட்டணும். ஜே முதல் எழுத்துத் தேர்வும் உண்டு. பணம் இருக்கு என்பதற்காக யாரும் எடுத்த எடுப்பில் அங்கே போக முடியாது. நம்ம ஊரில் பதினாறு வயசுப் பையனுக்கு அப்பா வாங்கித் தருகிற பைக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க.

விதிகளையும் கொஞ்சம் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடித்தவை. திரி கிடையாது, மின்சாரத்தால் மட்டும் பற்றவைப்பு. டி வரைக்கும் 15 அடி தள்ளி நிற்கணும், ஜி வரை 30 அடி, எச் என்றால் 100 அடி. எச் மோட்டார் கிளம்புகிற இடத்தைச் சுற்றி 50 அடி விட்டத்துக்குக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் அன்றைக்குப் பறக்கவிடக் கூடாது, அதாவது ஆடிக்காற்றில் கிடையாது. முக்கியமானது இது: பற்றவில்லை என்றால் முதலில் பற்றவைப்புச் சாவியைக் கழற்று, பிறகு முழுசாக 60 நொடி யாரும் கிட்டே போகாதே.

அந்த 60 நொடியைத்தான் மேலே சொன்ன பையனுக்கு யாரும் சொல்லித் தரலை. தீபாவளிக்கு நான் பார்க்கிற கண் காயங்களில் நிறைய, "பத்தலையேன்னு குனிஞ்சு பார்த்தேன் டாக்டர்" வகைதான். புஸ்வாணம்தான் அதில் ராஜா. இந்த ஒரு விதியைப் பள்ளியில் ராக்கெட் சாக்கில் சொல்லிக் கொடுத்திருந்தால், ராக்கெட்டே செய்யாத பிள்ளைகளின் கண்ணும் தப்பும்.

(இடையில் ஒரு மருத்துவக் குறிப்பு, இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. தீக்காயத்துக்கு ஓடுகிற சாதாரணத் தண்ணீர், இருபது நிமிஷம். இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கண்ணில் வெடிச்சில்லு குத்தியிருந்தால் தேய்க்காதீங்க, கழுவாதீங்க, அழுத்திக் கட்டாதீங்க. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து ஒட்டிக் கூட்டிட்டு வாங்க. விரல் துண்டாகியிருந்தால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணியில் வையுங்க. விரலை நேராக ஐஸில் போட்டால் அது செத்துப்போகும்.)

இந்தியாவில் இது நடக்கவே நடக்காதா? நடக்குது. 2023 பிப்ரவரி 19-ல் செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, கலாம் பெயர் தாங்கிய மாணவர் திட்டத்தில், 150 குட்டிச் செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் போச்சு. 2024 ஆகஸ்ட் 24-ல் திருவிடந்தையிலிருந்து ரூமி-1. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், இன்-ஸ்பேஸ் நடத்திய போட்டியில் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டின ராக்கெட்டுகளைப் பறக்கவிட்டாங்க. ஒரு கிலோ எடையுள்ள கருவியை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது போட்டி. குஷிநகர் என்ன பாலைவனமா? நெல்லும் கரும்பும் விளைகிற ஆற்றுச் சமவெளி. நம்ம டெல்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

இதையெல்லாம் நான் குறை சொல்லலை, அனுமதி வாங்கிச் செய்ய முடியும் என்று காட்டியிருக்காங்க. ஆனால் பெரிய விழா என்பது வருஷத்துக்கு ஒரு தடவை. பத்திரிகையில் படம் வரும், சான்றிதழ் வரும், பள்ளி வாசலில் பேனர் வரும். பிள்ளைகளில் பெரும்பாலானவங்க செய்தது ஒரு சென்சாரைப் பலகையில் பற்றவைத்தது. "விண்வெளி விஞ்ஞானி" என்று பேனர் அடித்த அதே பிள்ளையிடம் அந்த ராக்கெட் ஏன் கவிழாமல் நேராகப் போகுது என்று கேட்டுப் பாருங்க, முழிக்கும். தப்பு பிள்ளையிடம் இல்லை. அது கையால் ஒன்றைப் பறக்கவிட்டு, கவிழ்ந்து, ஏன் என்று யோசித்து, மறுபடி செய்ய இடமே நாம வைக்கலை.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டிக்காரர் ரிஃபாத் ஷாரூக். அவர் குழு செய்த 64 கிராம் கலாம்சாட் 2017 ஜூன் 22-ல் பறந்தது, அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து. காவிரிக்கரை மாவட்டத்துப் பையன் செய்ததற்கு ராக்கெட் வர்ஜீனியாவில் கிடைச்சது. அதே வாலப்ஸில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்ததாகக் கலாம் எழுதியிருக்கிறார், அதை மேடையில் சொல்லாத பேச்சாளர் கிடையாது. 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் மைசூர்ப் படை விட்ட ராக்கெட்டைப் பற்றி மார் தட்டுறோம். பக்கத்துத் தெருப் பையனுக்கு ஒரு காகித மோட்டார் கொடுக்கக் கை வரலை.

இப்போ தஞ்சாவூருக்கு வர்றேன். "இங்கே எப்படி சார் முடியும், ஏர்ஃபோர்ஸ் இருக்கே?" நியாயமான கேள்வி. 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படைப்பிரிவு இங்கே நிற்குது. அந்த வானத்தில் அனுமதி இல்லாமல் எதையும் அனுப்புவது விளையாட்டு இல்லை, குற்றம். உயர் சக்தி ராக்கெட்டைத் தஞ்சாவூர் ஓரத்தில் நானே எதிர்ப்பேன். ஆனால் டெல்டா என்பது தஞ்சாவூர் டவுன் மட்டுமா? கடைமடை வரைக்கும் போய்ப் பாருங்க. உளுந்து எடுத்த பிறகு பங்குனி, சித்திரையில் வயல் வெடிச்சுக் கிடக்கும், ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணி வர்ற வரைக்கும் பல இடத்தில் பயிர் கிடையாது. வைக்கோல் போரும் கூரை வீடும் மின்கம்பியும் இல்லாத திடலாகப் பார்த்து, விமானப்படையிடமும் விமான நிலையத்திடமும் நேரம் கேட்டு, தீயணைப்பு வண்டியும் ஒரு ஆம்புலன்சும் நிறுத்தி, வருஷத்தில் ரெண்டே நாள் கேட்கிறேன். ஆம்புலன்சில் நானே உட்கார்றேன், சம்பளம் வேண்டாம்.

"வானம் விஷயத்தில் அரசு இறங்கி வராது" என்பவங்களுக்கு ட்ரோனை ஞாபகப்படுத்தறேன். 2014-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. 2021-ல் ட்ரோன் விதிகள் வந்தன: பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம், பயிற்சி, சான்றிதழ். இன்றைக்கு டெல்டாவில் சம்பா வயலுக்கு மேல் ட்ரோன் மருந்து அடிக்குது, வரப்பில் நிற்கிற தாத்தா அண்ணாந்துகூடப் பார்க்கிறதில்லை. ஏழே வருஷம். மாதிரி ராக்கெட்டுக்கும் அப்படி ஒரு தனி விதி எழுத என்ன தடை? சின்ன மோட்டாருக்கு வெடிபொருள் சட்டத்தின் கீழ் தனி வகை, உரிமம் உள்ள தயாரிப்பாளர் மட்டும் செய்யணும், பயிற்சி பெற்ற ஆசிரியர் கையில் மட்டும் கொடுக்கணும். இன்-ஸ்பேஸும் வெடிபொருள் துறையும் விமானத்துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம்.

"நெருப்பு விஷயத்தில் நம்ம பக்கம் பட்டது போதாதா டாக்டர்?" என்று ஒருத்தர் கேட்டார். அவர் கும்பகோணத்தைச் சொல்றார். 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். அந்தப் பெயரை நான் லேசாக எடுக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு யாரும் பள்ளிக்கூடங்களை மூடச் சொல்லலை. கூரையைப் பிரிக்கச் சொன்னாங்க, வழியை அகலமாக்கச் சொன்னாங்க, ஆய்வு பண்ணச் சொன்னாங்க. ராக்கெட்டுக்கும் நான் அதைத்தான் கேட்கிறேன்.

விதி வருகிற வரைக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

கலவை கூடவே கூடாது. உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது 1884-ம் வருஷச் சட்டப்படி குற்றம், பையன் படிப்பில் கெட்டி என்று போலீஸில் சொல்லித் தப்பிக்க முடியாது. தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து மருந்தை எடுப்பதும் அதே ஆபத்துதான். வெளிநாட்டு மோட்டாரை "கூரியரில் வந்திடும்" என்று யாராவது விற்றால் நம்பாதீங்க. அது வெடிபொருள், சும்மா பார்சலில் வரக் கூடாத சரக்கு.

மோட்டார் இல்லாத கிட் வெறும் அட்டை, மரம், பிளாஸ்டிக். தாராளமாக வாங்கிக் கட்டலாம். கணினி இருந்தால் ஓப்பன்ராக்கெட் என்ற மென்பொருள் இலவசம், எச் மோட்டார் போட்டால் எவ்வளவு உயரம், பாராசூட் எப்போ விரியணும் என்று அதில் பறக்கவிட்டுப் பார்க்கலாம்.

பறக்கிற ஆசைக்குத் தண்ணி ராக்கெட். சோடா, கோலா வந்த பெட் பாட்டில் மட்டும், சாதாரணக் குடிதண்ணி பாட்டில் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு தண்ணி, அழுத்தம் காட்டுகிற பம்ப், 50 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏத்தாதீங்க. கண்ணுக்குக் கண்ணாடி. கயிறு கட்டி இழுத்து விடுவிக்கிற மாதிரி அமைப்பு, பத்தடியாவது தள்ளி நின்று. கிளம்பலை என்றால் குனியக் கூடாது, முதலில் தூரத்திலிருந்தே காற்றை இறக்கணும்.

கட்டின ராக்கெட் நேராகப் போகுமா என்று பார்க்க நெருப்பே தேவையில்லை. பறக்கிற எடையோடு அதை விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிங்க. அங்கே எட்டடி நூல் கட்டி, திறந்த இடத்தில் தலைக்கு மேல் சுற்றச் சொல்லுங்க. மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டு சுற்றினால் சரி. குறுக்கே திரும்பினாலோ வால் முன்னால் வந்தாலோ மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டி, சமநிலைப் புள்ளி நகர்ந்திருக்கும், நூலையும் நகர்த்திக் கட்டி, மறுபடி சுற்றணும். தீபாவளி ராக்கெட்டுக்கு அந்த நீளக் குச்சி எதுக்கு என்று அப்போ பையனிடம் கேளுங்க. அவனே சொல்லுவான்.